பின்னால் பாய்வதில் இத்தனை சூட்சுமமா? தெரியுமா உங்களுக்கு!

2023இல் ஆன்ட்வெர்ப் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் சிமோன் பைல்ஸ் வால்ட்டில் அடித்த இரட்டைப் பல்டியைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்ததே, அது எதிலிருந்து கிளம்பியது தெரியுமா? ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகள் ஆரம்ப காலத்திலேயே கற்கிற பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கிலிருந்து! பின்னால் பாய்ந்து, கை ஊன்றி, மறுபடி காலில் நிற்கும் வித்தை. அதை வால்ட் மேடைக்கே கொண்டுபோனவர் 1983இல் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை நடாலியா யுர்சென்கோ.

இன்னொரு ஆச்சரியம்: பேக் ஹேண்ட்ஸ்பிரிங் மேலே குதிக்கிற வித்தையே இல்லை! திண்ணையில் உட்காரப் போகிறவர் போல இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். முழங்கால் கால்விரலைத் தாண்டி முன்னே வந்தால் போச்சு, பாய்ச்சல் பின்னால் போகாமல் மேலே போய்விடும். "ஐயோ, விழப்போகிறேன்" என்று தோன்றுகிறதே, அந்தக் கணத்தில்தான் தரையை உந்த வேண்டும். கைகள் காதோரமாக வீசி எழ வேண்டும். பயந்துபோய் முந்திக் குதித்தால் கை காலுக்குப் பக்கத்திலேயே விழும், முழங்கை மடங்கும், தலை தரையில் மோதும். தலையை வெடுக்கென்று பின்னால் சாய்த்தாலும் இதே கதிதான்.

கை ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விசை இறங்குகிறது, தெரியுமா? அதனால்தான் விரல்களை லேசாக உட்பக்கம் திருப்பி ஊன்றச் சொல்கிறார்கள், முழங்கை தப்பும். மணிக்கட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், தயவுசெய்து!

உடம்பை இப்படி வளைப்பது நமக்குப் புதிதா என்ன? சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 நாட்டியக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1940களிலேயே ஸ்ரீ அன்னை பெண் பிள்ளைகளை அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறக்கிவிட்டார். அகர்தலாவின் ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்குத் தட்டைப் பாதம்; சிறுமியாகப் பழகியது பழைய ஸ்கூட்டர் பாகங்களில் செய்த வால்ட்டில். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 4ஆம் இடம். வெண்கலம் நழுவியது வெறும் 0.15 புள்ளியில்!

நம் புதுச்சேரிப் பகுதியின் பாகூரைப் பற்றி ஒன்று தெரியுமா? 9ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்கள் தானமாகக் கிடைத்தன என்கிறது நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துச் செப்பேடு. அந்த மண்ணில், பிள்ளைகள் பாய்ந்து பழக, கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு மெத்தை, ஒரு பயிற்றுநர் என்று கேட்பது அதிகமா?

ஏன் மெத்தை? வில்லியனூர், பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் பிள்ளைகள் வைக்கோல் போரில் பல்டி அடிப்பார்கள். கை ஊன்றாத பல்டிக்கு அது சரி. பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கு உதவவே உதவாது! கை வைக்கோலில் புதையும், மணிக்கட்டு மடங்கும், தள்ளி எழும்ப உறுதியான பிடிமானம் இருக்காது. முதலில் சுவரோரம் தலைகீழாக, முழங்கை மடங்காமல் நின்று பழகட்டும். பிறகு வில்லாக வளைந்து பழகட்டும். அதற்கப்புறம்தான் பாய்ச்சல்: பயிற்றுநரின் ஒரு கை முதுகின் அடிப்பகுதியில், இன்னொரு கை தொடைக்குப் பின்னால். அந்தக் கைகளுக்கு வேலையே இல்லை என்று பயிற்றுநர் சொல்லும் நாளில் பிள்ளை தனியாகப் பாயலாம்.