ஃப்ளைட் கேன்சலா? டிக்கெட் பணம் வந்ததோடு விட்டுவிடாதீர்கள்... இழப்பீடும் கேட்கலாம்!

2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஏர்போர்ட்டுகளிலிருந்து வந்த வீடியோக்களை அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டீர்கள். குவிந்து கிடந்த சூட்கேஸ்கள், கவுன்ட்டரை மொய்த்த கூட்டம், தரையிலேயே படுத்துவிட்ட பெரியவர்கள். விமானிகளின் பணி நேரம், ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப முன்கூட்டியே திட்டமிடாததால், இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாகின. டிசம்பர் 5-ம் தேதி மட்டும் ஆயிரத்துக்கும் மேல்! கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், இன்டர்வியூவுக்குப் போக வேண்டியவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் என எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

7-ம் தேதிக்குள் 610 கோடி ரூபாய் பயணிகளுக்குத் திருப்பித் தரப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பெரிய தொகைதான். ஆனால், அது பயணிகள் ஏற்கெனவே கட்டிய பணம். போகாத பயணத்துக்குக் கட்டிய காசைத் திருப்பித் தருவது ரீஃபண்ட். சொன்ன நேரத்தில் கூட்டிப் போகாமல் கைவிட்டதற்காகத் தர வேண்டியது இழப்பீடு. இரண்டும் வேறு வேறு. நம்மில் பலர் முதலாவது வந்ததுமே, 'காசு வந்துடுச்சு, விடு' என்று இரண்டாவதை மறந்துவிடுகிறோம். விமான நிறுவனங்களும் ஞாபகப்படுத்துவதில்லை.

இதற்கான விதி புதிதும் அல்ல. டி.ஜி.சி.ஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-லேயே கொண்டுவந்து, பிறகு சில முறை திருத்தியிருக்கிறது. கேன்சல், தாமதம், டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுப்பது என மூன்றுக்கும் அதில் தனித்தனி கணக்கு உண்டு.

24 மணி நேரம்தான் கோடு

முதலில் கேன்சல். பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டால், மாற்று விமானமோ ரீஃபண்டோ தந்தால் போதும். இரண்டு வாரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் இடையில் சொன்னாலும் அதேதான். ஆனால், அந்த மாற்று விமானம் நீங்கள் ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கடைசி 24 மணி நேரத்துக்குள் கையை விரித்தால்தான் இழப்பீடு வருகிறது. மாற்று விமானமோ ரீஃபண்டோ கொடுத்தது போக, அதற்கு மேல் தர வேண்டிய பணம் இது. பயண நேரம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் 7,500 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 10,000 ரூபாய். சென்னையிலிருந்து டெல்லி போகிறவர்கள் மூன்றாவது வகை. சென்னை - கோவை போன்ற பயணங்கள் பெரும்பாலும் நடு வகையில் வரும்.

இதைப் படித்ததும் 10,000 ரூபாய் உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தொகை அல்லது உங்கள் டிக்கெட்டின் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஏர்போர்ட் கட்டணம், ஜி.எஸ்.டி, புக்கிங் ஆப்பின் 'கன்வீனியன்ஸ்' கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. இரண்டாயிரம் ரூபாய் ஆஃபர் டிக்கெட்டில் போகிறவருக்கு இழப்பீடும் அந்த அளவுக்குள்தான். பணத்தை மிச்சம் பிடித்து டிக்கெட் போட்டவருக்குத்தான் அலைச்சலும் அதிகம். அவருக்குத்தான் இழப்பீடும் குறைவு. என்ன நியாயமோ!

எங்கள் வீட்டிலேயே ஒரு கணக்கு நடந்தது. கோவையில் இருக்கும் பெரியம்மா, மகளின் பிரசவத்துக்காக டெல்லிக்கு டிக்கெட் போட்டிருந்தார். புறப்பட எட்டு மணி நேரம் இருக்கும்போது 'கேன்சல்' என்று எஸ்.எம்.எஸ் வந்தது. கொடுத்த மாற்று விமானம் இரண்டு நாள் கழித்து. வேண்டாம் என்று ரீஃபண்ட் கேட்டுவிட்டு, கிடைத்த ரயிலில் ஏறினார். டெல்லி போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. 6,900 ரூபாய் டிக்கெட் பணம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இழப்பீடு கேட்டு மெயில் அனுப்பியபோது, 'ஆப்பரேஷனல் காரணங்களால் ரத்து செய்யப்பட்டது, வருந்துகிறோம்' என்று ஒரே வரியில் பதில். என்ன காரணம், அது எப்படி உங்கள் கட்டுப்பாட்டை மீறியது என்று திரும்பக் கேட்டு, மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் போட்ட பிறகுதான் பணம் வந்தது. வந்தது 5,700 ரூபாய். அதாவது, டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அவ்வளவுதான். ஒன்றரை மாதம் ஆனது. "பேத்திக்குக் கொலுசு வாங்கப் போதும்" என்றார் பெரியம்மா.

'ஆப்பரேஷனல் காரணம்' என்றால் என்ன?

இழப்பீடு தர வேண்டாம் என்று விதியே விலக்கு தரும் சூழல்களும் இருக்கின்றன. இயற்கைப் பேரிடர், கலவரம், அரசு உத்தரவு, மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் முடிவு என, நிறுவனத்தின் கையை மீறிய காரணங்கள் அவை. புயலில் சென்னை ஏர்போர்ட்டையே மூடிவிட்டால் இழப்பீடு கேட்க முடியாது.

ஆனால், 'ஆப்பரேஷனல் காரணம்' என்ற சொல் இந்தப் பட்டியலில் வருவதில்லை. அது ஒரு போர்வை. உள்ளே வானிலையும் இருக்கலாம், ஆள் பற்றாக்குறையும் இருக்கலாம். போர்வையை விலக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கேன்சல் ஆன அதே நேரத்தில் அதே ஊருக்கு வேறு நிறுவனத்தின் விமானங்கள் பறந்திருந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'வானிலை சரியில்லை' என்ற பதிலுக்கு அதைவிட நல்ல மறுமொழி கிடையாது.

டிசம்பர் குழப்பத்தில் இது கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தது. 24 மணி நேரத்துக்குள் கேன்சல் ஆன விமானங்களுக்கு அரசு விதிப்படி 5,000 முதல் 10,000 ரூபாய் வரை தருவதாக இண்டிகோவே அறிவித்தது. டிசம்பர் 3, 4, 5 தேதிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதற்கு மேல் 10,000 ரூபாய்க்கான பயண வவுச்சரும் தருவதாகச் சொன்னது. இனி வேறொரு நிறுவனம் 'பைலட் இல்லை, அதனால் கேன்சல்' என்று சொன்னால், இந்த முன்னுதாரணத்தை எடுத்துக்காட்டலாம்.

வவுச்சர் பற்றி ஒரு விஷயம். ரீஃபண்ட் தொகையை 'கிரெடிட் ஷெல்' என்ற பெயரில் தங்களிடமே வைத்துக்கொண்டு, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் பயணியின் விருப்பம். நிறுவனமாக முடிவு செய்யக் கூடாது என்கிறது டி.ஜி.சி.ஏ. 'ஓகே' பட்டனை அழுத்தும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். ஏஜென்ட் மூலமோ ஆப் மூலமோ டிக்கெட் போட்டிருந்தாலும், ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான்.

தாமதத்துக்குப் பணம் இல்லை... ஆனால் சாப்பாடு உண்டு

பலரும் குழம்பும் இடம் இதுதான். உள்நாட்டு விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாகப் போனால், டி.ஜி.சி.ஏ விதியில் பணமாக இழப்பீடு கிடையாது. கவனிப்பு மட்டும்தான். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு மேல் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளும் பெங்களூரு, ஹைதராபாத், மும்பைக்கும் போகிற விமானங்கள் பொதுவாக இந்த வகைதான்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், ஆறு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானமோ முழு ரீஃபண்டோ கேட்கலாம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல் அறையும் போக வர வண்டியும் தர வேண்டும். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால், ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே ஹோட்டல் உண்டு. கைக்குழந்தையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் இரவைக் கழிக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. கவுன்ட்டரில் போய்க் கேட்டால்தான் கூப்பனே வெளியே வருகிறது.

இந்தக் கவனிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போக வேண்டிய விமானம் பனிமூட்டத்தால் பல மணி நேரம் கிளம்பவில்லை. பயணி ஒருவர் அவ்வளவு நேரமும் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் வந்த தீர்ப்பு, பனிமூட்டத்தால் ஏற்பட்ட தாமதம் சேவைக் குறைபாடு ஆகாது என்றது. ஆனால், காத்திருக்கும் பயணிக்குத் தண்ணீர், உணவு, கழிப்பறை வசதியைக் கவனிக்கத் தவறினால் அது குறைபாடுதான் என்றும் சொன்னது. அந்த வழக்கில் நிறுவனம் ஓரளவு கவனித்துக்கொண்டதால் பயணிக்குப் பணம் கிடைக்கவில்லை. பனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல, பசிக்குப் பொறுப்பு.

மூன்றாவது வகை, சீட்டுகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு 'இடமில்லை' என்பது. உறுதியான டிக்கெட்டோடு சரியான நேரத்துக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். உங்கள் விமானம் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படை மற்றும் எரிபொருள் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால், முழு ரீஃபண்டும் அதோடு அந்த நான்கு மடங்கு தொகையும். மூன்று வகைகளில் பயணிக்குச் சாதகமானது இதுதான்.

எப்படிக் கேட்பது?

டிக்கெட் போடும்போதே வேலை தொடங்குகிறது. உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுங்கள். தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டு வைத்திருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். அடுத்தது, இணைப்பு விமானம். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து கொல்கத்தா என்றால் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். முதல் விமானத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் இழப்பீடு கேட்க அப்போதுதான் வழி. தனித்தனியாகப் போட்டால் சில நூறு ரூபாய் குறையலாம், பாதுகாப்பு போய்விடும்.

கேன்சல் எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காதீர்கள். அது வந்த நேரம்தான் உங்கள் வழக்கின் உயிர். டிக்கெட், போர்டிங் பாஸ், சாப்பாடு, டாக்ஸி, ஹோட்டல் பில்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு நிறுவனத்துக்கு மெயில். போனில் பேசியது எங்கும் பதிவாக நிற்காது. மெயிலில் பி.என்.ஆர், தேதி, எஸ்.எம்.எஸ் வந்த நேரம், எந்த விதிப்படி எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது இருந்தால் போதும். வளைகாப்புக்குப் போக முடியாத வருத்தத்தை இரண்டு பக்கம் எழுதினால் படிக்க ஆள் இருக்காது. பதில் சரியில்லை என்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் நோடல் அதிகாரிக்கும், அடுத்து மேல்முறையீட்டு அதிகாரிக்கும் அனுப்புங்கள். கூடவே ஏர்சேவா தளத்திலோ ஆப்பிலோ புகார் பதியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விமான நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். தாமதத்துக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து, டி.ஜி.சி.ஏ சொன்ன தொகைக்கு மேலும் இங்கே கேட்கலாம். எவ்வளவு என்பது ஆணையத்தின் முடிவு.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?

அப்படியென்றால் ஐரோப்பிய விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனம் என்றால், இங்கிருந்து அங்கே போகும்போதும் பொருந்தும். சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் போகிறவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், காரணம் நிறுவனத்தின் கையை மீறியதாக இல்லாத பட்சத்தில், 600 யூரோ வரை கேட்கலாம். அங்கே தாமதத்துக்கே பணம் உண்டு. டிக்கெட் என்ன விலை என்ற கேள்வியே கிடையாது. விமானத்தில் வழக்கமாக வரும் தொழில்நுட்பக் கோளாறைச் சாக்காகச் சொல்ல முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனும் இதே போன்ற விதியைத் தனியாக வைத்திருக்கிறது. அங்கே 520 பவுண்டு வரை. இதைப் படிக்கும்போது நம் 'எது குறைவோ அது' கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பழைய கேன்சல் எஸ்.எம்.எஸ் இன்னும் போனில் கிடந்தால் தேதியைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 2025 டிசம்பர் குழப்பத்தில் மாட்டி, ரீஃபண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அது 2027 டிசம்பரில்தான் முடிகிறது.