இணைப்புச்சொல்லின் எல்லை

சொற்களையும் தொடர்களையும் பிணைக்கும் சொற்களை ஆங்கில இலக்கணம் 'கன்ஜங்ஷன்' என்று வழங்குகிறது. 'அண்ட்', 'ஆர்', 'பட்' ஆகியன அவற்றுள் மிகுதியாக வருவன. பலவற்றை அடுக்கிக் கூறுமிடத்து, இறுதியில் உள்ளதற்கு முன்பு ஒருமுறை மட்டும் 'அண்ட்' என்றோ 'ஆர்' என்றோ வருவது ஆங்கில மரபு.

தமிழின் இயல்பு வேறு. 'கபிலரும் பரணரும் நக்கீரரும்' என எண்ணும்மை ஒவ்வொரு பெயரோடும் ஒட்டி வருகிறது. உம்மைக்குரிய எட்டுப் பொருள்களுள் எண்ணும் ஒன்று என்கிறது தொல்காப்பிய இடையியல். 'பாலோ மோரோ' என்பதில் ஓகாரமும் அவ்வாறே இரண்டிடத்தும் நிற்கிறது.

ஒருமுறையே வரும் இணைப்புச்சொல் எவற்றைப் பிணைக்கிறது என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். அது எப்போதும் எளிதன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமொன்று, மிகைநேர ஊதியத்திற்கு உரிமையற்ற பணிகளைப் பட்டியலிட்டிருந்தது. உணவுப்பொருள்களைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என நீளும் அப்பட்டியல், 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என முடிந்தது. 'ஆர்' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை.

ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். சிப்பமிடுதல் ஒரு பணி, வழங்குதல் மற்றொரு பணி; ஓட்டுநர்கள் செய்வது வழங்குதலே; எனவே ஊதியம் இல்லை என்றது நிறுவனம். இரண்டும் தனிப்பணிகள் அல்ல. அனுப்புவதற்காகவோ வழங்குவதற்காகவோ சிப்பமிடுதல் என்னும் ஒரே பணியே அங்குள்ளது. நாங்கள் சிப்பமிடுவதில்லை என்றனர் ஓட்டுநர்கள். அப்படியானால் பட்டியலின் கடைசிப் பணிக்கு முன் இணைப்புச்சொல்லே இல்லையே என்னும் நிறுவனத்தின் மறுப்பும் வலுவானதே. ஆயினும் ஏனைய பணிகள் எல்லாம் 'இங்' என்று முடிய, 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' ஆகிய இரண்டு மட்டும் அவ்வாறு முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், தொடர் ஐயத்திற்கு இடமளிக்கிறது எனக் கண்டு ஓட்டுநர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 50 இலட்சம் டாலர் தர நிறுவனம் இணங்கியது.

இதனைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். 'அனுப்புவதற்கோ வழங்குவதற்கோ சிப்பமிடுதல்' என்பது ஓட்டுநர்களின் பொருள். 'அனுப்புவதற்குச் சிப்பமிடுதலோ, வழங்குதலோ' என்பது நிறுவனத்தின் பொருள். ஓகாரம் நிற்கும் இடமே வழக்கை முடித்துவிடுகிறது.

இதனால் தமிழில் இத்தகைய ஐயமே எழாது என்று கொள்ளலாகாது. 'பழைய நூல்களும் இதழ்களும் இங்கு விற்கப்படும்' என்னும் தொடரில் இதழ்களும் பழையனவா? எண்ணும்மை இரண்டிடத்தும் நின்றும் விடை கிடைக்கவில்லை. 'ஓல்ட் புக்ஸ் அண்ட் மேகசின்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடருக்கும் இதே நிலைதான். நூல்கள் மட்டுமே பழையன எனில், 'இதழ்களும் பழைய நூல்களும்' என்றும் 'மேகசின்ஸ் அண்ட் ஓல்ட் புக்ஸ்' என்றும் வரிசையை மாற்றி எழுத வேண்டும். இரண்டும் பழையன எனில், 'பழைய' என்பதையும் 'ஓல்ட்' என்பதையும் இருமுறை எழுதுதல் தகும்.