கணுக்கால் ஸ்கேனுக்கு 'மருந்து' ஏற்றலாமா?

"ஐயா, கணுக்காலுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கணுமாம். ஊசியில மருந்து வேற ஏத்துவாங்களாம். பயமா இருக்கு. நீங்களே ஒரு தைலம் கொடுத்துடுங்களேன்!"

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். படியில் கால் பிசகி நான்கு மாதமாகியும் வலி தீரவில்லை. நடக்கும்போது மூட்டு 'டக்'கென்று பிடித்துக்கொள்கிறதாம். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் தைலம் தரவில்லை. உள்ளே என்ன கோளாறு என்று தெரியாமல் மூட்டை நீவக்கூடாது.

கணுக்கால் அடிபட்டால் முதலில் எக்ஸ்ரே. எலும்பு முறிவை நுணுக்கமாகப் பார்க்க சாதாரண சி.டி.யே போதும். தசைநார் கிழிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். அப்படியானால் மருந்து எதற்கு?

அது அயோடின் கலந்த திரவம். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். சீழ், கட்டி, ரத்தக்குழாய் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். குருத்தெலும்பைப் பார்க்க மூட்டுக்குள்ளேயே செலுத்துவார்கள். விரிசலுக்குள் அது கசிந்து, பழுதான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த அம்மாவுக்குச் சொன்னது இந்த இரண்டாவது முறைதான்.

நரம்பில் ஏற்றும்போது உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை தெரியும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனுக்கு முன் இவற்றை மறைக்காதீர்கள்: சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, தைராய்டு, கர்ப்பம், முன்பு இம்மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது. தேவைப்பட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

இன்னொன்று. பற்பம், செந்தூரம், லேகியம் எது சாப்பிட்டாலும் ஸ்கேன் டாக்டரிடம் சொல்லுங்கள். 'நாட்டு மருந்துதானே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் மருந்துதான்!

அந்த அம்மா ஸ்கேன் எடுத்தார். குருத்தெலும்பில் ஒரு துண்டு பெயர்ந்து மூட்டுக்குள் கிடந்தது. சின்னத் துளை போட்டு எடுத்துவிட்டார்கள். அன்று தைலம் தந்து நீவச் சொல்லியிருந்தால், அந்தத் துண்டு உள்ளேயே உரசிக்கொண்டிருந்திருக்கும்.

புண் ஆறியதும் திரும்ப வந்தார். "இப்பவாவது தைலம் தருவீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.