அதிகச் சம்பளத்துக்குக் கூடுதல் வரி: இலுப்பூருக்கு என்ன வருகிறது?

அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் தொழில் வரி பிடிப்பார்கள். இலுப்பூரில் வேலை பார்ப்பவர் ஆசிரியரானாலும் வங்கி ஊழியரானாலும் அந்தப் பணம் இலுப்பூர் பேரூராட்சிக்குப் போகிறது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்று ஊர்ச் செலவுக்கு உதவும் சொந்த வருவாய்களில் அதுவும் ஒன்று.

அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை இந்த வரி கிடையாது. அதற்குமேல் படிப்படியாக ஏறுகிறது; 75,000 ரூபாயைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் வெறும் 12,500 ரூபாய். மாதம் 13,000 வாங்கும் கடை ஊழியருக்கும் ஒன்றரை லட்சம் வாங்கும் அதிகாரிக்கும் வரி ஒன்றே. உச்சவரம்பான 2,500 ரூபாயை ஆண்டுக்குக் கட்டினால், கடை ஊழியருக்கு அது வருமானத்தில் 1.6 சதவீதம், அதிகாரிக்கு 0.14 சதவீதம்தான். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

பேரூராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. முன்பு 250 ரூபாயாக இருந்த வரம்பை 1988இல் 60ஆவது திருத்தம் உயர்த்தியது. அன்று முதல் விலைவாசி எங்கோ போய்விட்டது. வரம்பு அங்கேயே நிற்கிறது.

பெரும் வருமானக்காரர்களிடம் கூடுதலாக வாங்குவது டெல்லிதான். ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வருமான வரியின்மேல் 10 சதவீதம் சர்சார்ஜ். ஒரு கோடிக்கு மேல் 15, இரண்டு கோடிக்கு மேல் 25. ஐந்து கோடிக்கு மேல் இருந்த 37 சதவீதத்தை, புதிய வரிமுறையில் 2023 பட்ஜெட் 25 ஆகக் குறைத்தது. அமெரிக்காவிலும் 2013 முதல், தனிநபர் சம்பளம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் மிகுதித் தொகையில் 0.9 சதவீதம் மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் வரியாகப் பிடிக்கிறார்கள்.

நம் சர்சார்ஜில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு 41 சதவீதம் பகிரச் சொன்ன வரித்தொகுப்பில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேராது. 270, 271ஆவது பிரிவுகளின்படி அவை முழுக்க ஒன்றிய அரசுக்கே. ஆக, பணக்காரர் கூடுதலாகக் கட்டும் வரியில் இலுப்பூருக்குப் பங்கு வர வழியில்லை. இலுப்பூர் தானே வாங்கும் தொழில் வரியோ பணக்காரரிடம் கூடுதலாக எதையும் கேட்பதில்லை.

இந்த உச்சவரம்பை மாநில அரசு தனியாக மாற்ற முடியாது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் 276ஆவது பிரிவின் வரம்பை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். உயரும் சுமை மேல்படிச் சம்பளக்காரர்மீது மட்டும் விழ வேண்டும். 13,000 வாங்குபவரின் வரி இப்போதைவிடக் குறைய வேண்டும்.