'100 வருஷ வெள்ளம்' அடுத்த வருஷமே வருமா? பசியாவரம் மக்களுக்கு ஒரு வெள்ளக் கணக்கு

பொன்னேரி:

வடகிழக்கு பருவமழை பிடித்துவிட்டால் பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களில் ஒரே பேச்சுதான். பிச்சாட்டூர் அணையை திறந்தாச்சா? எத்தனை கன அடி?

ஆந்திராவில் உள்ள பிச்சாட்டூர் அணையில் இருந்து திறக்கும் தண்ணீர் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஆரணி ஆற்றில் ஓடி வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. பழவேற்காட்டில் இருந்து தண்ணீரை தாண்டித்தான் பசியாவரம் போகவேண்டும். ஆற்று வெள்ளம், ஏரித் தண்ணீர், கடல் மூன்றும் கைகோர்க்கும் இடம் அது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டது. அப்போது "100 வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம்" என்று பேசப்பட்டது. இனி நம்ம காலத்தில் கிடையாது என்று பலர் மூச்சு விட்டார்கள். 2021 நவம்பரில் ஆரணி ஆற்றில் பெருவெள்ளம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல், மறுபடி சென்னையும் பொன்னேரி வட்டாரமும் தண்ணீரில். அதே மாதம் 17, 18-ந் தேதிகளில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டி தாமிரபரணி பொங்கியது.

அப்படியானால் 100 வருஷ கணக்கு பொய்யா?

பொய் இல்லை. புரிந்துகொண்டதுதான் தப்பு.

சீட்டு குலுக்கல் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் அந்த சீட்டை எடுத்துவிடுவார்கள். அந்த ஆளுக்கு மறுபடி விழாது. வெள்ளம் அந்த மாதிரி சீட்டு கிடையாது. பானையில் 100 சீட்டு, அதில் ஒன்றில் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து பார்த்துவிட்டு, திரும்ப பானைக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். இந்த வருஷம் விழுந்த சீட்டு அடுத்த வருஷமும் விழலாம். 100 வருஷ வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் 100-ல் 1 பங்கு வாய்ப்பு. அவ்வளவுதான்.

இது சின்ன வாய்ப்பு மாதிரி தெரியும். ஆனால் கடன் வாங்கி கட்டும் வீட்டில் 30 வருஷம் இருக்கப்போகிறோம். அந்த 30 வருஷத்துக்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. 25 வருஷ வெள்ளம் என்றால் 70 சதவீதம். வருமா என்று கேட்கவே வேண்டாம், வரும் என்றே வைத்து வீட்டு மட்டத்தை உயர்த்துவது நல்லது.

கணக்கு போடுவது எப்படி?

முதலில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கிறார்கள். அகலம், ஆழம், ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் போதும். 200 அடி அகலம், 10 அடி ஆழம், விநாடிக்கு 5 அடி வேகம் என்றால் 10 ஆயிரம் கன அடி. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். கிட்டவே போகமுடியாத பெருவெள்ளம் என்றால், வடிந்தபிறகு சுவரிலும் பாலத்து தூணிலும் ஒட்டிய சேற்றுக்கோட்டை பார்த்து கணக்கு போடுவார்கள்.

அடுத்து, ஒவ்வொரு வருஷமும் வந்த மிகப்பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்து, பெரியதில் இருந்து சிறியது வரை வரிசைப்படுத்துகிறார்கள். 29 வருஷ கணக்கு கையில் இருந்தால் அதோடு ஒன்றை கூட்டி 30. இதை வரிசை எண்ணால் வகுக்கவேண்டும். முதலிடத்து வெள்ளம் 30 வருஷ வெள்ளம். இரண்டாவது 15 வருஷம், மூன்றாவது 10 வருஷம்.

இங்கேதான் சிக்கல். 29 வருஷ கணக்கில் 100 வருஷ வெள்ளத்தை நேரில் பார்க்கமுடியாது. சூத்திரம் போட்டு கோட்டை நீட்டித்தான் சொல்கிறார்கள். அடுத்த வருஷம் ஒரு அசுர வெள்ளம் வந்தால் முழு கணக்கும் மாறிவிடும். மழை பெய்யும் விதம் மாறினாலும், வழியில் உள்ள ஏரிகள் தூர்ந்து போனாலும் பழைய கணக்கு உதவாது. ஒரு ஆற்றின் கணக்கு இன்னொரு ஆற்றுக்கும் ஆகாது. அடையாறுக்கு 100 வருஷ வெள்ளம் என்றால் ஆரணிக்கும் அதேதான் என்று அர்த்தமில்லை.

பசியாவரத்துக்கு மட்டும் இன்னொரு கணக்கு

மேலே பொன்னேரியில் கன அடியை கேட்டால் ஓரளவு தண்ணீர் மட்டம் தெரிந்துவிடும். பசியாவரத்தில் தெரியாது. முகத்துவாரம் நன்றாக திறந்திருந்தால் 10 ஆயிரம் கன அடியும் கடலுக்குள் வடிந்துவிடும். மணல் மேடு அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர் ஊருக்குள் ஏறும். முகத்துவாரம் தூர்ந்தால் மீன்பிடி படகு மட்டுமா நிற்கிறது, வெள்ளமும் சேர்ந்து நிற்கிறது. அமாவாசை, பவுர்ணமியில் கடல் ஏற்றம் அதிகம். புயல் காற்று கடலை கரைப்பக்கம் தள்ளினால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு வடக்கே சூலூர்பேட்டை பக்கம் இருந்து காளங்கி ஆறும் அதே ஏரியை நிரப்புகிறது.

டி.வி.யில் "பூண்டி ஏரி திறப்பு" என்று வந்தால் பழவேற்காட்டிலும் பதற்றம் பரவுவது உண்டு. பூண்டி தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் எண்ணூருக்கு போகிறது. பசியாவரத்துக்காரர்கள் காது கொடுக்கவேண்டியது முதலில் பிச்சாட்டூர் செய்திக்குத்தான்.

கிராமத்தில் அளவுகோல் இல்லை என்றாலும் சுவர் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும், வெள்ளையடிப்பதற்கு முன்னால், தண்ணீர் நின்ற உயரத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு தேதியை எழுதிவிடலாம். பக்கத்திலேயே இரண்டு விஷயம்: அன்றைக்கு அமாவாசையா பவுர்ணமியா, முகத்துவாரம் திறந்திருந்ததா அடைத்திருந்ததா. பத்து பதினைந்து வருஷ கோடு சேர்ந்துவிட்டால், புது வீட்டுக்கு எத்தனை படி வைக்கவேண்டும் என்று கொத்தனாரிடம் கை காட்டியே சொல்லிவிடலாம்.