கையில் இல்லாவிட்டால் போதுமா?

சிங்கப்பூரில் வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைக் கையில் பிடித்து இயக்குவது குற்றம். முன்பு பேசுவதும் குறுஞ்செய்தி அனுப்புவதும்தான் தடுக்கப்பட்டிருந்தன. 2015 பிப்ரவரியிலிருந்து இணையம் பார்ப்பதும் சட்டத்துக்குள் வந்தது. முதன்முறை பிடிபடுவோருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆனால், காரில் பொருத்திவைத்த கைப்பேசியைத் தொட்டால் அந்தப் பிரிவு பொருந்தாது. என் அப்பா தனியார் வாடகை கார் ஓட்டுகிறார். பயணம் வேண்டுவோரின் அழைப்பு அந்தத் திரையில்தான் வரும். சில விநாடிகளில் ஏற்கவேண்டும். பிழைப்பே அதில் இருக்கும்போது "பார்க்காதீங்கப்பா" என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் கணக்கு கணக்குதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்போம்.

காதில் கருவி மாட்டிப் பேசுவதும் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவர் லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டிலிருந்து பேசுபவருக்கு அந்த லாரி தெரியாது, "கேட்குதா, கேட்குதா?" என்பார். அறிவுரை முழுவதும் ஓட்டுநருக்கே போகிறது, அழைப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

அப்பா வேலைக்குப் போனால் அம்மா இப்போது அழைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் குரல்பதிவு மட்டும். அதன் ஒலியை அப்பா அணைத்துவைத்திருப்பதால் பதில் வர ஒரு மணி நேரம்கூட ஆகும். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்போம்.