பாறைக்குள் ஒளிந்திருக்கும் நீர்



"ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே" என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். காய்ந்த கையைவிட ஈரக் கையில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஏறக்குறைய இதே வழியில்தான், பூமியின் ஆழத்தில் நீர் உண்டா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்.

பூமியின் மையம் நமக்குக் கீழே சுமார் 6,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஆழம் 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நாம் பேசுவதோ 410 முதல் 660 கிலோமீட்டர் வரையுள்ள பாறை அடுக்கைப் பற்றி.

அங்கே கிணறோ ஏரியோ இருப்பதாக எண்ண வேண்டாம். ரொட்டிக்கு மாவு பிசைந்த பிறகு நீர் தனியே தெரிகிறதா? அதுபோல, நீரிலுள்ள ஹைட்ரஜன் பாறையின் கனிமங்களுக்குள் கலந்து நிற்கும். அந்த ஹைட்ரஜனே மின்சுமையைத் தாங்கி நகர்வதால், பாறையில் மின்சாரம் எளிதில் பாயும்.

அவ்வளவு ஆழத்திற்கு மின்சாரம் அனுப்புவது யார்? சூரியன்தான்! சூரியனிலிருந்து வீசும் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தை அசைக்கின்றன. அந்த அசைவு நிலத்தடியில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. வேகமான அசைவு மேலோடு நின்றுவிடும். பல நாள் நீளும் மெதுவான அசைவு வெகு ஆழம் செல்லும். கருவிகளை மண்ணில் புதைத்து இவற்றை அளக்கிறார்கள். பிறகு, ஆய்வுக்கூடத்தில் அதே கனிமத்தை நசுக்கிச் சூடாக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பமும் இரும்பும்கூட மின்சாரத்தை எளிதில் பாயச் செய்யும். ஆகவே, 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் "அங்கே நீர் உண்டு" என்றனர். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், "காய்ந்த பாறையே போதும், நீர் தேவையில்லை" என்றனர். 2014இல் ஒரு புதிய சாட்சி கிடைத்தது. பிரேசில் நாட்டு வைரம் ஒன்றினுள், அந்த ஆழத்துக் கனிமமான ரிங்வுடைட்டின் சிறு துணுக்கு இருந்தது. அதன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல் நீர்! ஆனால், ஒரு பருக்கையைக் கொண்டு பூமி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லலாமா? அதனால் ஆய்வு தொடர்கிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நமக்கு அருகே, சுமத்ராவின் மேற்கே, கடலடித் தரை நீரைச் சுமந்துகொண்டு பூமிக்குள் இறங்குகிறது. அந்த நீரில் ஒரு பகுதி எரிமலை வழியே ஆவியாக மீள்கிறது. மீதி எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால்தான் நம் கடல்களின் வரவு செலவுக் கணக்கு முடியும்.

கண்ணுக்கு எட்டாததையும் அளந்து அறியலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.